காணிக்கைப் பையின் அடிப்பக்கம்

பியூலாவுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. ராபர்ட்சன்பேட்டையில் மனோகரின் ஷெட்டில் கண்ணாடி தேய்ப்பது அவள் வேலை. மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசிய கண்ணாடியை வெல்வெட்டால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அப்படி இரண்டு கண்ணாடிகளைத் தேய்த்து, நடுவே கடிகாரத் திரையில் இருப்பது போன்ற திரவப் படிகத்தை ஏற்றினால், தேய்த்த திசையில் அது வரிசை கட்டி நிற்கும். சாதாரண ரகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பெங்களூர் ஆய்வகம் இப்போது கேட்ட ஃபெர்ரோஎலெக்ட்ரிக் ரகம் பொறுக்கவில்லை. முதலில் அனுப்பியதெல்லாம் மின்னல் மாதிரி கோடு விழுந்து திரும்பி வந்துவிட்டது.

"இன்னாக்கா, கண்ணாடி தேய்க்கச் சொன்னா தோசைக்கல்லு தேச்சியா?" என்றான் மனோகர்.

"மொதல்ல உன் வெல்வெட் துணியப் பாரு. உன் மண்டையாட்டமே ஆயிடிச்சி, ஒரு முடி இல்ல."

சிரித்தவன் முகம் சுருங்கியது. "நாளைக்கு பெங்களூர் லேப் மேடம் வராங்க. புதுத் துணி வர ஒரு வாரம் ஆவும். இதுவும் போச்சின்னா ஷெட்டப் பூட்ட வேண்டியதுதான்க்கா."

பூட்டினால் அவளுக்கு மறுபடியும் விடியற்கால ரயில்தான். பெங்களூர் வரை நின்றபடி போய் ஏதோ ஒரு ஆபீஸைப் பெருக்க வேண்டும். இந்தத் தோள் அதற்குத் தாங்காது.

ஆண்டர்சன்பேட்டை வீட்டில் நாற்காலி மேல் சிவப்பு வெல்வெட் பை கிடந்தது. அவள் புருஷன் கொர்னேலியஸ் சர்ச்சில் காணிக்கை எடுப்பவர். பிய்ந்த கைப்பிடியைத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். ஊரார் கையெல்லாம் பைக்குள்ளேதான் போகும். வெளியே, அடிப்பக்கத்தில், வெல்வெட் இன்னும் புதுசாக நிமிர்ந்து நின்றது. பியூலா கத்தரிக்கோலை எடுத்தாள்.

காலையில் ஷெட்டில் வெட்டிய துணியை ஸ்பிரிட்டில் அலசி உலர்த்திக் கட்டையில் சுற்றினாள். கண்ணாடி மேல் வைத்து இழுத்தாள், தூக்கினாள், பழைய இடத்தில் வைத்து மறுபடி இழுத்தாள். தூக்கும்போதெல்லாம் தோள் சுரீரென்றது. தூக்காமல் அப்படியே பின்னால் தள்ளிவிடலாமே என்று கை கெஞ்சியது. அவள் தள்ளவில்லை.

மனோகர் திரவத்தைச் சூட்டோடு ஏற்றி, மெல்ல ஆறவிட்டான். ராதிகா மேடம் வந்து மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள்.

"ஓரத்துல ரெண்டு கோடு இருக்கு. நடுவுல கிளீன். மிச்சத்தையும் இப்படியே பண்ணுங்க. துணி எங்க வாங்கினீங்க?"

"சர்ச்சுல, மேடம்."

ஞாயிற்றுக்கிழமை கொர்னேலியஸ் பைக்குப் பதில் எவர்சில்வர் தட்டோடு வரிசை வரிசையாக நடந்தார். ஒவ்வொரு காசும் டங்கென்று விழுந்தது.

"இன்னா கொர்னேலியஸ், யாரு சில்லறை போடறாங்கன்னு ஊருக்கே மணி அடிக்கிறியா?" என்று முன் வரிசை ஃப்ளோரா கிசுகிசுத்தாள்.

அவர் பியூலாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சர்ச்சுக்கு அவள் ஒரு வெல்வெட் பை பாக்கி.