முடிச்சுத் தேற்றத்துக்கு மீசை

பல் டாக்டருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த காகிதம் கசங்கியது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், காலமான அவர் மனைவியைப் பற்றி வரப்போகும் பக்கம்; பார்த்துச் சொல்ல அனுப்பியிருந்த மாதிரி அச்சு அது. முடிச்சுத் தேற்றம் அந்த அம்மாள் கண்டது. நூலை இழுத்துப் பார்க்காமலேயே முடிச்சு அவிழுமா, அவிழாதா என்று சொல்லிவிடும் கணக்கு. தேற்றம் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. மேலே இருந்த படத்தில் மட்டும் டாக்டரே மீசையும் தானுமாக இளித்துக்கொண்டிருந்தார்.

கணக்கென்றாலே காத தூரம் ஓடிய மனுஷன்! பரீட்சையில் முட்டை வாங்கியவர். அவர் மூஞ்சியைப் பார்த்தா பிள்ளைகள் தேற்றம் படிக்க வேண்டும்? விடுவிடுவென்று பாடநூல் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பதிப்பாசிரியர் தலையைச் சொறிந்தார். அந்தப் படத்தை வரைந்த பெண்தான் எழுந்து வந்தாள்.

"தப்பு என்னுது டாக்டர். கல்யாண ஃபோட்டோவுல ரெண்டு பேர் இருந்தீங்க. பாடத்துல 'அவர் நிரூபித்தார்'னு இருந்துச்சு. அவர்னு படிச்சதும் கை தானா ஆம்பிளைகிட்ட போயிடுச்சு."

"பொண்ணா இருந்துட்டு நீயே இப்படிப் பண்ணலாமாம்மா?"

"அதான் எனக்கும் வெக்கமா இருக்கு."

சாயங்காலத்துக்குள் இந்தப் பக்கம் அச்சு மெஷினில் ஏற வேண்டும். அந்த அம்மாளுக்கு வேறு படமும் இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்மணி அவர். கல்யாணப் படத்திலும் குனிந்த தலைதான்.

"படமே இல்லாம விட்டுடலாமே," என்றார் பதிப்பாசிரியர்.

"நல்லாயிருக்கே!" என்றார் டாக்டர். "படிக்கிற புள்ளைங்க எல்லாம் மனசுக்குள்ள தானா ஒரு மீசையை ஒட்டிக்கும். அவ பாடம் நடத்தின காலேஜுல கணக்குக்கு வந்த முதல் பொம்பளை அவதான் சார். ஆசிரியர் அறையில உக்கார ஒரு நாற்காலி கொடுக்கலை. மாடிப்படியில உக்காந்துதான் இந்தத் தேற்றத்தை எழுதினா. பால் கணக்கு போட்டா போதாதான்னு சிரிச்சவனுங்க, பிற்பாடு அவ வகுப்புல இடம் கிடைக்காம நின்னுக்கிட்டுக் கேட்டானுங்க."

"அப்ப 'பெண் மேதை'ன்னு சேர்த்துடவா?"

"வேணாம். ஆண் மேதைன்னு யாரைப் பத்தியாவது எழுதியிருக்கீங்களா? 'அவர்' அப்படியே இருக்கட்டும். முகத்தை மட்டும் போடுங்க."

ஓவியப் பெண் வெள்ளைத் தாளை எடுத்தாள். "நீங்க சொல்லுங்க, நான் வரையறேன்."

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மேல் வரிசையில முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சின்ன இடைவெளி. கீழ்க் கடைவாய்ப் பல்லு ஒண்ணு..."

"வாயை மூடின மாதிரிதான் டாக்டர் வரையப்போறேன்!"

பதிப்பாசிரியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரும் சிரித்துவிட்டு, அகன்ற நெற்றி, ஒரு பக்கம் தூக்கிய புருவம், காதில் செருகிய பென்சில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அழிப்பதும் வரைவதுமாக மத்தியானம் ஓடிப்போனது. கடைசியில் தாளைத் திருப்பிக் காட்டியபோது அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அவளேதான். ஆனா கண்ணு... நம்மளைப் பாக்குதேம்மா. அவ எங்க நம்மளைப் பாத்தா? கணக்கையில்ல பாத்துக்கிட்டிருப்பா."

அவள் கருவிழிகளை அழித்துக் கீழ்நோக்கி வரைந்து, படத்தைப் பாடப் பக்கத்தின் மேலே பொருத்தினாள். அம்மாளின் பார்வை நேரே தேற்றத்தில் போய் விழுந்தது. அந்தப் பார்வையோடு ஓவியப் பெண்ணின் கண்ணும் இறங்கியது. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் நின்றவள், மேஜையில் கிடந்த புத்தகம் கட்டும் நூலை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தாள்.

"டாக்டர், இந்த எடத்துல ஏன் கழிக்கணும்?"

"எனக்கென்னம்மா தெரியும்? அவகூட அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன், கேட்டதே இல்லை."

"இருங்க, இருங்க. புரிஞ்சுட்ட மாதிரி இருக்கு..."

அதற்குப் பிறகு அவள் நிமிரவில்லை. பதிப்பாசிரியர் ஏதோ கேட்க வாயெடுத்தார். டாக்டர் உதட்டில் விரல் வைத்து அவரை வெளியே கூட்டிவந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.