டிக்கிக்குள் ஒரு காது

1

துளசிராம் அண்ணன் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பட்டறைச் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்த பலகையில் அதை எழுதியவன் நான்தான். இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது. பாக்கி எழுதுகிறவன் கதையும் எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை.

(என் பேர் நல்லு. நாற்பது தாண்டி எழுத்துக் கற்றவன் நான். அதற்கு முன் மாட்டுத்தாவணியில் பூ மூட்டை தூக்கினேன். இப்போது செல்லூரில் அசீம் பாயின் கார் பட்டறையில் எடுபிடி. வாக்கியம் நீண்டால் எனக்கு மூச்சு வாங்கும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சிவப்புக் கார் ஒரு குதிரையைப் போல" — அடித்துவிட்டேன். குதிரை மாதிரியெல்லாம் இல்லை. தாழ்வான பழைய பந்தயக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், சீட்டு முதுகை ஒட்டியே டிக்கி. துணிக் கூரை. சக்கரத்தில் சைக்கிளுக்கு இருப்பது போல ஸ்போக்ஸ் கம்பிகள். பட்டு வியாபாரி துளசிராம் அண்ணனுக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது. மெதுவாக ஓட்டினால் அதில் ஒரு சத்தம் வந்தது.

2

அந்தச் சத்தத்தை எழுத வேண்டும். 'டிக்' என்று எழுதினேன், அது கடிகாரம். 'கிணிங்' என்றேன், கொலுசாகிவிட்டது. எவர்சில்வர் டம்ளர் விளிம்பை ஊசியால் சுண்டினால் வருகிற — இதுவும் சரியில்லை. சத்தம் வேலை செய்கிற இடத்தில் எழுத்து வேலை செய்யவில்லை. மெல்லிய சத்தம் என்பது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் போதும்.

ஏனென்றால், அசீம் பாய்க்கு மெல்லிய சத்தம் கேட்காது.

தகரத்தைச் சுத்தியலால் அடித்தே போன காது. கனத்த சத்தம் இன்னும் விழும், மெல்லியதும் விசில் மாதிரிக் கூரானதும் நின்றுவிட்டன. கார் சந்துக்குள் திரும்பும்போதே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதுதான் அவர் பேர். அந்தப் பேரை நம்பித்தான் பட்டறை ஓடுகிறது. காது போனது தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும், அவர் மனைவி சமீனா அக்காவும்.

"குக்கர் கத்திக் கத்தி ஓஞ்சு, பருப்பும் கருகிப்போச்சு நல்லு. பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு மனுசன்" என்றார் அக்கா. சிரித்துத்தான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

[இதை எழுதுவதே பாயைக் காட்டிக்கொடுப்பதுதானே? அதனால் பேர்களை மாற்றியிருக்கிறேன். செல்லூரில் தேடாதீர்கள். காரின் நிறமும் சிவப்பில்லை.]

3

ஏற்பாடு பாயுடையது.

"மாப்ள, நீ டிக்கில படுத்துக்க. சத்தம் வாரப்ப என் சீட்டு முதுகுல ஒரு குத்து விடு."

"பலமாவா பாய்?"

"சம்பளப் பாக்கிய நெனச்சுக்கிட்டுக் குத்து."

துளசிராம் அண்ணனிடம், பின்னாலிருந்து சத்தம் வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லிவைத்தார். டிக்கி மூடியைப் பாதி திறந்து கயிற்றால் கட்டினோம். அண்ணன் ஓட்டினார். நான் குத்தினேன். "இந்தா வருதுண்ணே" என்றார் பாய். இறங்கியதும் என்னிடம் தனியாகக் கேட்டார். பின்பக்கம், இடது கைப் பக்கம் என்றேன். பின் அச்சைப் பிரித்து பேரிங் மாற்றினார். கார் போனது. அடுத்த வாரமே அதே சத்தத்தோடு திரும்பி வந்தது.

"பதினெட்டாயிரத்துச் சொச்சமா? சத்தம் அப்பிடியே இருக்கு, எதுக்குப் பாய் காசு? அது என் கார்ல குடியிருக்கதுக்கு நான் வாடகை கட்டணுமா?"

[முதல் பிரதியில் துளசிராம் அண்ணனுக்குத் தங்கப் பல் வைத்திருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று நினைத்தேன். அவருக்குத் தங்கப் பல் கிடையாது. அவர் கேட்டதும் நியாயம்தான்.]

4

மறுபடியும் ஓட்டிப் பார்க்கப் போனோம். பரவை ஊரைத் தாண்டி, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த வயல்களுக்கு நடுவில் அண்ணன் காரை நிறுத்தினார். பின்னால் வந்து கயிற்றை அவிழ்த்தார்.

"எறங்கு நல்லு. உள்ள இப்பிடி வேகுறியே, நீ என்ன இட்டிலியா?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. "எறங்கு மாப்ள" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

கார் போய்விட்டது.

கதையின் முக்கியமான இடம் இதுதான். எழுதுகிறவன் ரோட்டோரம் கருவேல மரத்தடியில் நிற்கிறான். உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. இட்டுக்கட்டித்தான் எழுத வேண்டும்.

சத்தம் வந்திருக்கும். "கேக்குதா பாய்?" முதுகில் குத்து விழாததால் "இல்லண்ணே" என்றிருப்பார்.

அல்லது சத்தமே வராதபோது அண்ணன் வேண்டுமென்றே கேட்டிருப்பார். "கேக்குதுண்ணே" என்று பாய் சொல்லியிருப்பார். இது முன்னதைவிடக் கொடுமை.

அல்லது அண்ணன் எதுவும் கேட்கவில்லை. பட்டு விலையைப் பேசிக்கொண்டே ஓட்டினார். இப்படி எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் திரும்பி வந்தபோது அந்த இரண்டு முகங்களும்

வேண்டாம்.

கார் என்னைத் தாண்டி மெதுவாக ஊர்ந்து திரும்பியது. அப்போது வெளியிலிருந்து கேட்டேன். பின்பக்க இடது சக்கரம். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. அச்சில் இல்லை, சக்கரக் கம்பியில். உள்ளே படுத்திருந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறது. கத்திக்கொண்டே ஓடினேன். கண்டுபிடித்ததற்கு இரண்டு பேருமே சந்தோசப்படவில்லை.

5

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினோம். பாய் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒன்றில் விரல் நின்றது. தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. காதை நம்பாமல் முதலிலேயே விரலை நம்பியிருக்கலாம்.

கை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

"மாப்ள, அண்ணன் பாக்கிய அடிச்சிரு."

"முழுசாவா பாய்?"

இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

"முழுசா."

ஏன்? அச்சை வீணாகப் பிரித்ததற்காக என்று எழுதினால் பாய் நேர்மையானவர். வாயை மூடிக்கொள்ள அண்ணனுக்குக் கொடுத்த விலை என்று எழுதினால் பாய் பயந்தவர். அண்ணனே காருக்குள் கேட்டு வாங்கியது என்று எழுதினால் தங்கப் பல் திரும்பி வந்துவிடும். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் நான் வேலை பார்க்கிற பாய் இல்லை.

பலகையில் தொகையின் மேல் சாக்பீஸை அழுத்தி ஒரு கோடு இழுத்தேன். அது கீச்சென்று கத்தியது. எனக்குப் பல் கூசியது. வாசலில் நின்ற துளசிராம் அண்ணன் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார்.

பாய் கை துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். [இங்கே "அவர் கண்களில்" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.] பிறகு பட்டறைக்குள் சுற்றி நடந்துபோய், பாய்க்கு எதிரே, முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"வாரேன், பாய்."

"வாங்கண்ணே."

அண்ணன் அதை எந்தக் குரலில் சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு பட்டறைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதையும் எழுதப்போவதில்லை. உங்களுக்குக் காது நன்றாக இருக்கும். அந்த இரண்டு சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரக்கமாகச் சொன்னால் ஒரு கதை, ஊருக்குச் சொல்லப்போகிறவர் மாதிரிச் சொன்னால் வேறு கதை.

எனக்குத் தெரிந்தது பலகை மட்டும்தான். கோட்டுக்கு அடியில் அந்தத் தொகை இன்னும் தெரிகிறது. பக்கத்தில் நானே எழுதினேன்: பாக்கி இல்லை.