ஒரு போத்தல் பெற்றோலும் சிமியோன் பள்ளிக்கூடமும்

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவதுதான் முறை. ஆனால் கதை நடந்த காலத்தில் கடைகளில் கற்பூரம் கிடையாது. ஆகவே ஜாம் போத்தல் விளக்கின் திரியில் சுட்டுவிரலை வைத்து, சந்நிதி முருகன் அறியச் சத்தியம். நம்பாதவர்கள் வந்து விரலைப் பார்க்கலாம்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆவணி மாதம். உடுப்பிட்டியில் மார்க்கண்டர் என்றொருவர் இருந்தார். அவரிடம் வாடகைக்கு ஓடுகிற ஏ-40 ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. சண்டை நடக்கிற வடக்குக்குப் பெற்றோல் வரக்கூடாது என்று அரசாங்கத்தின் தடை. அதனால் அவருடைய காரும், மிச்சமிருந்த எல்லாக் கார்களையும் போல, மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெய் சூடான எஞ்சினுக்குத்தான் ஒத்துவரும். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை எழுப்ப, மூடியைத் திறந்து கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். எழும்பிவிட்டால் பிறகு நிப்பாட்டக்கூடாது. நிப்பாட்டினால் மறுபடியும் நாலு சொட்டு. ஆகையால் மார்க்கண்டர் கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், கார் வாசலில் இருமிக்கொண்டே நிற்கும்.

புகை என்றால் அப்படியொரு வெள்ளைப் புகை. ஒருமுறை செத்தவீட்டு ஊர்வலம் ஒன்று அந்தப் புகைக்குப் பின்னால் வழிதவறி, பிணத்தோடு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்கறி விற்றவர்கள் எழும்பி மரியாதை செய்தார்களாம்.

மார்க்கண்டருக்கு ஒரே மகள், குணலட்சுமி. தலைப்பிள்ளை வயிற்றில், எட்டு மாதம் முடிந்திருந்தது. மருமகன் பஞ்சலிங்கம் மாசியில் கொழும்புக்குப் போனவர். போன இடத்திலிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. ஊர் டொக்டர் அவளுடைய வயிற்றை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை குறுக்காலை கிடக்குது, மார்க்கண்டு. வெட்டித்தான் எடுக்கவேணும். இஞ்சாலை வெட்டுறதுக்கு ஆளில்லை. நோ துவங்கினால் மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடவேணும்."

"கொண்டுபோகாட்டி?"

டொக்டர் துவாயைத் தேடினார்.

யாழ்ப்பாணம் போகிற வழியில் வல்லை வெளி இருக்கிறது. இரண்டு பக்கமும் உப்புத் தரவை. மரம் இல்லை, மதில் இல்லை, ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. ஓடுவதையெல்லாம் சுடுகிற ஆமியின் ஹெலிகொப்ரருக்கு அது விரித்துவைத்த பாய்மாதிரி. ஆனி மாதம், இன்னொரு வாடகைக் கார்க்காரரான ஆழ்வாப்பிள்ளை தன் காரில் ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு அந்த வெளியில் இறங்கினார். காரின் எலும்புக்கூடு மட்டும் இன்னும் தெருவோரம் நின்றது. கதவு நாலும் திறந்தபடி. திறந்துகொண்டு ஓடப் பார்த்திருக்கிறார்கள்.

மார்க்கண்டரிடம் இருந்த பெற்றோல் ஒரே ஒரு சாராயப் போத்தல் அளவு. முருங்கை மரத்தின் கீழே தாட்டு, மேலே ஒரு கல்லை வைத்திருந்தார். காலையில் எழும்பியதும் முகம் கழுவாமல் போய் அந்தக் கல்லைப் பார்ப்பார்.

இந்த நேரத்தில்தான் தொண்டைமானாற்றில் சிமியோன் பள்ளிக்கூடம் திறந்தான். தகரத்தில் எழுதித் தென்னையில் ஆணி அடித்திருந்தான்: 'அதிவேக, ஆபத்துக்கால மோட்டார் ஓட்டக் கல்லூரி.' சிமியோன் முந்தி மீன் லொறி ஓடியவன். பின்னேரம் ஐஸ் போட்டு ஏற்றிய மீனை, ஐஸ் கரைவதற்குள் கொழும்புச் சந்தையில் இறக்குகிற ஆள். அவன் வேகத்துக்குப் பெட்டியில் கிடந்த மீன்களுக்கே தலைசுற்று வந்ததென்று சொல்லுவார்கள். ஒருநாள் லொறி, தான் அடித்த ஹோண் சத்தத்தைக் கண்டி வீதியில் முந்திக்கொண்டு போயிற்று.

மார்க்கண்டர் சைக்கிளில் போய் விசாரித்தார்.

"காசு எவ்வளவு தம்பி?"

"காசை வைச்சு நான் என்னத்தைச் செய்ய, அண்ணை? ஒரு போத்தல் பெற்றோல். படகு எஞ்சின் எழுப்ப எனக்கும் தேவை."

"ஒரு போத்தலோ! அதுதானடாப்பா என்னட்டை இருக்கிறதே."

"அப்ப கணக்குச் சரி."

"உன்னட்டைப் படிச்ச ஆக்கள் இருக்கினமோ?"

"ஏழு பேர். மூண்டு பேர் இண்டைக்கும் ஓடுகினம். ரெண்டு பேரின்ரை கார் பறிபோச்சு, அது என்ரை பிழையில்லை. ஒராள் சந்நியாசியாப் போட்டார்."

"ஆறுதானே வருகுது. ஏழாவது?"

சிமியோன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தான். "அவர் கடைசிப் பாடத்துக்கு வரேல்லை."

மார்க்கண்டர் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி தங்கமுத்து உலையில் அரிசி போட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கென்ன விசரே? முப்பது வருஷமா ஓடுற மனுசனுக்கு ஓட்டம் பழக்கிறதாம். போத்தலை அவனிட்டைக் குடுத்துப்போட்டு, பிள்ளைக்கு நோ வரேக்கை ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழப்போறியளே?"

"ஆழ்வாப்பிள்ளையிட்டையும் பெற்றோல் இருந்ததுதானே. தெருவாலை போகத் தெரியேல்லை."

"சிமியோனுக்குத் தெரியுமோ?"

"அவன் உயிரோடை இருக்கிறான்."

தங்கமுத்து உலையை மூடினாள். உள்ளேயிருந்து குணலட்சுமி சொன்னாள்: "ஐயா, வேகமெல்லாம் வேண்டாம். கிடங்குகளைப் பாத்துப் போனாக் காணும். இவர் உள்ளை குறுக்காலை படுத்திருக்கிறார், பாவம்."

மூன்று நாள் மார்க்கண்டர் முருங்கைக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்தார். பெற்றோல் இருந்து ஓட்டம் தெரியாவிட்டால் மகள் வல்லை வெளியில் எரிவாள். ஓட்டம் தெரிந்து பெற்றோல் இல்லாவிட்டால் மகள் வீட்டில் கிடந்து சாவாள். இரண்டில் எது மலிவு என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியவில்லை. நாலாம் நாள் கல்லைப் புரட்டினார்.

சிமியோன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், மணந்து பார்த்தான். பிறகு அவனுக்கே என்ன தோன்றியதோ, கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, கழுவி, அதற்குள் கொஞ்சம் பெற்றோல் ஊற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"ஒருக்கா எழுப்பக் காணும். பிள்ளைத்தாச்சியின்ரை பங்கு."

பள்ளிக்கூடம் என்றது கடற்கரை மணலில் நட்ட ஒரு கட்டை. கட்டையில் செத்த லொறியின் ஸ்ரியறிங் பூட்டியிருந்தது. குந்தியிருக்க மீன்பெட்டி; பிறேக்குக்குக் கவிழ்த்த வாளி. சிமியோன் பின்னால் நின்று எண்ணெய்த் தகரத்தைத் தடியால் அடித்து ஹெலிச் சத்தம் போடுவான். ஆறு நாள் மார்க்கண்டர் அந்த மீன்பெட்டியில் இருந்து மணிக்கு எண்பது மைல் ஓடினார். வேர்த்து ஒழுகியது. மூன்றாம் நாள் ஒரு வளைவில் மீன்பெட்டியே கவிழ்ந்தது.

கடைசிநாள் சிமியோன் சொன்னான்: "இவ்வளவும் பழக்கினது வேகம். இப்பதான் பாடம். ஹெலியை ஒருத்தனும் ஓடி வெல்லேலாது. நீங்கள் செத்த கார்மாதிரி நிக்கப் பழகவேணும், அண்ணை. சத்தம் கேட்ட உடனை ஆழ்வாப்பிள்ளையின்ரை காருக்குப் பக்கத்திலை கொண்டுபோய்ச் சடாரெண்டு நிப்பாட்டுங்கோ. எஞ்சினை நூருங்கோ, புகை நிக்கும். கதவு நாலையும் திறவுங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது. மேலையிருந்து பாக்கிறவனுக்கு, முந்தியே சுட்ட கார் ரெண்டு."

மார்க்கண்டர் மீன்பெட்டியை விட்டு எழும்பினார். ஒரு போத்தல் கொடுத்தது வீண்போகவில்லை என்று பட்டது. சைக்கிள்வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, நூத்தாப் பிறகு எப்பிடி எழுப்புறது? என்னட்டை ஒருக்கா எழுப்பத்தானே இருக்கு."

சிமியோன் கடலைப் பார்த்தான். "அது ரெண்டாம் வகுப்பு, அண்ணை. அதுக்கு வேறை போத்தல்."

பதினெட்டாம் திகதி காலை எட்டு மணிக்குக் குணலட்சுமிக்கு நோ கண்டது. மார்க்கண்டர் குப்பியைக் கவிழ்த்தார். ஒஸ்ரின் மூன்று தரம் தும்மி எழும்பியது. பின்சீற்றில் குணலட்சுமி தாயின் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். வல்லைப் பாலம் கடந்து வெளியில் இறங்க, வெயில் ஏறிக்கொண்டு வந்தது. பாதி வெளியில் சத்தம் கேட்டது. சிமியோனின் தகரம் அதற்குக் கிட்டவும் வராது.

அவர் படித்தபடியே செய்தார். ஆழ்வாப்பிள்ளையின் காரின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினை நூர்த்தார். மகளுடைய உயிரைத் தானே நூர்ப்பதுபோல இருந்தது. கதவுகளைத் திறந்தார்.

"ஆத்தே," என்றாள் குணலட்சுமி.

"கத்தாதை, பிள்ளை. செத்தமாதிரிக் கிட."

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் ஐயா கிடக்கிறன்."

தங்கமுத்து தன் சேலைத் தலைப்பை உருட்டி மகளுடைய வாயில் வைத்தாள். மூவரும் அசையவில்லை. செத்தவர்மாதிரி இருப்பது அந்தச் சனத்துக்கு அப்போது பழகிய வேலை. பக்கத்துக் காரின் எரிந்த ஸ்ரியறிங்கை மார்க்கண்டர் கடைக்கண்ணால் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை எப்போதும் பிடிக்கிற இடத்தில் துணி சுற்றியிருப்பார். கம்பி மட்டும் இருந்தது.

ஹெலி மேலே வந்து நின்றது. போகவில்லை. சந்தேகம் போலும். கீழே இறங்கி, இன்னும் இறங்கி, பனையளவு உயரத்தில் நின்று பார்த்தது. உப்பும் மண்ணும் பறந்தன. மார்க்கண்டர் மூச்சை விடவில்லை. மகளுடைய கால் ஒருமுறை உதறியது. தங்கமுத்து அதன்மேல் தன் கையைப் போட்டாள்.

அப்போதுதான் கார் அசைந்தது.

முதலில் ஒரு சாண். பிறகு ஒரு முழம். ஹெலியின் காற்றுத் திறந்திருந்த நாலு கதவிலும் பிடித்து, கடற்கரை வள்ளத்துக்குப் பாய் விரித்தமாதிரி ஒஸ்ரினைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஹெலிக்காரன் இதென்ன புதினம் என்று பின்னால் வந்தான். அவன் வர வரக் காற்றுக் கூடியது. காற்றுக் கூடக் கூடக் கார் ஓடியது. மார்க்கண்டர் ஸ்ரியறிங்கைச் செத்த கையால் பிடித்தபடி, கிடங்கு கிடங்காகப் பார்த்து விலத்தினார். ஒரு கட்டத்தில் வல்லை வெளியில் சைக்கிளில் வந்த ஒருவரை முந்தவேண்டியிருந்தது. அவர் மணியடித்து வழி விட்டார்.

வெளி முடிகிற இடத்தில் பனங்கூடல் தெரிந்தது. மார்க்கண்டர் இரண்டாவது கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். எஞ்சின் இன்னும் முழுதாய் ஆறவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. வெள்ளைப் புகை குபீரென்று எழும்பி ஹெலியையே மூடிவிட்டது. அது வழிதவறிக் கடற்பக்கம் போனதாகத் தொண்டைமானாற்றுச் சனம் சொன்னது.

"ரெண்டாம் வகுப்பு," என்றார் மார்க்கண்டர். தங்கமுத்து கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினாள்.

பத்தரைக்குப் பெரியாஸ்பத்திரி வாசல். பதினொன்று பத்துக்குப் பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். பெண்பிள்ளை, ஐந்தரை இறாத்தல். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்வரைக்கும் அதன் தலையில் மண்ணெண்ணெய் மணந்தது. சிமியோன் ஒரு பெரிய பாரை மீனோடு வந்து பார்த்துவிட்டு, "இது ஒன்பதாவது மாணவி," என்று சொல்லிப் போனான்.

விரலைப் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: மார்க்கண்டரிடம் ஒருநாளும் கார் இருந்ததில்லை; குணலட்சுமியை ஏற்றிப்போன மாட்டு வண்டில், தாய்க்கும் பிள்ளைக்கும் இனி அவசரமில்லை என்று, வல்லை வெளியின் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பியது.