பக்கி படுத்திருக்கும் படம்

என் மனைவி லூர்தம்மாள் பத்து வருஷமாகப் பறவைப் படம் வரைந்தவள். எத்தனையோ பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கிய மைனாவும் மீன்கொத்தியும் கம்பைநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்தவை. நான் பஸ் கண்டக்டர். ஏறுகிறவர்களிடமெல்லாம் அவள் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பேன்.

பள்ளிக்கூட சார்ட்டுக்குப் படம் கேட்கும் பதிப்பகத்தாருக்கு ஒரே சட்டம்தான். பறவை பக்கவாட்டில் நிற்க வேண்டும், அலகு, கால், வால் எல்லாம் தெரிய வேண்டும், பின்னால் வெறும் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வரைகிற அளவுக்கு அது அவளுக்குக் கைவந்துவிட்டது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"எந்தக் குருவிங்க வெள்ளைக் காயிதத்துல நிக்குது? நான் பாக்கற மாதிரியே ஒன்னு போடறேனுங்க" என்றாள் எழுபத்து நான்கில் ஒரு நாள்.

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு பக்கியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பகலெல்லாம் சருகோடு சருகாகத் தரையில் படுத்துக் கிடக்கிற பறவை அது. காலடியில் இருந்தாலும் தெரியாது. புது சார்ட் வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டு, கோடை முழுக்கப் பெரிய கேன்வாஸில் ஆயில் பெயிண்டில் அதையே வரைந்தாள். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சருகு இருந்தது, கல் இருந்தது, வெயில் இருந்தது.

"குருவி எங்க?"

"அதுலதாங்க இருக்குது."

"எங்க, கைய வெச்சுக் காட்டு."

"காட்ட மாட்டேன். நீங்களே பாருங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

அவள் சார்ட்டுகளைப் பார்த்திருந்த மெட்ராஸ் கேலரிக்காரர் ஒருவர் கண்காட்சிக்குப் படம் கேட்டார். பக்கிப் படத்தை இருவருமாகக் கொண்டுபோய்ப் பிரித்ததும் அவர் முகம் சுருங்கியது.

"பறவையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்களேம்மா. யாருக்கும் தெரியாது."

"தெரியற மாதிரி போட்டா அது பக்கி இல்லீங்க" என்றாள். மாதாவே, எவ்வளவு தைரியம் அவளுக்கு!

அவர் படத்தைப் படிக்கட்டு ஓரமாக மாட்டினார். வெளியே வந்ததும் அவள் குரல் உடைந்தது. "ஒருத்தராச்சும் நின்னு பாத்தா பெயிண்டிங்கே போடறேனுங்க. இல்லீன்னா சார்ட்டுக்கே போயிடறேன்."

மறுநாள் ஜனங்கள் வந்தார்கள், படியேறினார்கள், போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. பெல்பாட்டம் போட்ட ஓர் ஆள் மட்டும் கடந்துபோகிறபோது, "குப்பைக்கு ஃபிரேமா?" என்று சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஃபிரேமை இரண்டு கையாலும் பிடித்தேன். முகம் கேன்வாஸை ஒட்டிப் போனது.

பாதி மூடிய ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அலகு தெரிந்தது. பிறகு நெஞ்சைத் தரையோடு அழுத்திக்கொண்டு முழுப் பறவையும் தெரிந்தது. என் கைகள் தானாக ஃபிரேமை விட்டன. ஒரு காலை மெல்லப் பின்னால் எடுத்து வைத்தேன்.

"சார், படத்துல கை வைக்காதீங்க!" என்று கேலரிக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"சத்தம் போடாதீங்க சார். பறந்துரும்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். சிரித்த ஆள் படியிலிருந்து நுனிக்காலில் இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தான்.