பதின்மூன்றும் நலம்

இங்கிலாந்தில், சசெக்ஸ் பக்கத்து ஹேலிங்டன் குன்றில், ஒரு நாள் முழுக்க யாரும் வந்து பார்க்காவிட்டால் மாடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இதை முதலில் கண்டது பெரும்பனி விழுந்த வருஷம். வைக்கோல் கொண்டுபோன பண்ணைக்காரர் டாப்செல், பனியில் பன்னிரண்டு இடத்தில் மூச்சு புகைவதைப் பார்த்தார். மாட்டைக் காணோம், வைக்கோல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மறுநாள் ஒருவர் போய் விரல் நீட்டி எண்ண எண்ண, ஒவ்வொன்றாகச் செவலை நிறத்தோடு வந்து நின்றன. ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள். நாய்க்கழிவுத் தொட்டியைப் பற்றி நாற்பது நிமிஷம். குன்று ஊருக்குப் பொது, மாடு டாப்செல்லுடையது, போய்ப் பார்ப்பது தொண்டர்கள் பாடு, கிழமைக்கு ஒருவர் என்று முடிவாயிற்று.

புதன்கிழமை எட்வினா பர்கிஸுக்கு. கணவரைப் புதைத்த மறுவாரம் பெயர் கொடுத்தவள், ஒன்பது வருஷத்தில் ஒரு புதனும் தவறவில்லை. மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுவாள். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இரண்டு தடவை எண்ணுவாள். படுத்திருப்பதைத் தட்டி எழுப்பி, நாலு காலும் சரியாக ஊன்றுகிறதா என்று பார்ப்பாள்; அது தொண்டர்களின் விதி. பிறகு கைபேசிக் குழுவில் 'பன்னிரண்டும் நலம்' என்று போடுவாள். உள்ளதைச் சொன்னால், மற்ற ஆறு நாளும் அவளோடு பேச ஒரு நாதியில்லை. வாரத்துப் பேச்சையெல்லாம் மாடுகளிடம்தான் பேசித் தீர்ப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் டாப்செல் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

“இனிமே நீங்க மழையில அலைய வேணாம், மிஸஸ் பர்கிஸ். கழுத்துல பட்டை மாட்டியாச்சு. எது எங்க நிக்குதுன்னு போன்லயே தெரியுது.”

“மாடு தெரியுதா, புள்ளி தெரியுதா?”

“புள்ளிதான். ஆனா புள்ளி நல்லா மேயுது.”

“நான் அலையறதுக்குத்தானேப்பா வர்றேன்.”

அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அதோடு தொண்டர்கள் யாரும் குன்றேறவில்லை, எட்வினாவும்தான்; மாடுகள் மறைந்தன. விற்கிற அன்று எண்ணிக்கொண்டால் போச்சு என்று அவர் விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம், கை காட்டியும் பேருந்து நிற்காமல் போனது. கடைக்காரப் பெண் எட்வினாவைத் தாண்டிப் பின்னால் நின்றவருக்குச் சில்லறை கொடுத்தாள். ஐந்தாம் வாரம் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபோது, தன் கை வழியாக மேசைவிரிப்பின் பூக்கள் தெரிவதை எட்வினா பார்த்தாள். அழுகை வந்தது. ஆனால் அன்று புதன்கிழமை. மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

குன்று வெறிச்சென்று கிடந்தது. புல் தானாக அறுபட்டுக்கொண்டிருந்த இடங்களைப் பார்த்து உரக்க எண்ணினாள். பன்னிரண்டும் வந்து நின்றன. இரண்டாம் தடவை எண்ணி முடிப்பதற்குள் களைத்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்தன. முன்னால் நின்ற கிழட்டுப் பசு அவள் தோளை மூக்கால் முட்டியது. அவள் எழவில்லை. மறுபடி முட்டியது. வேறு வழியின்றி எழுந்து நின்றாள். பசு தலையைத் தாழ்த்தி அவளுடைய வலது காலைப் பார்த்தது, இடது காலைப் பார்த்தது, பிறகு அடுத்த மாட்டுக்கு இடம் விட்டு நகர்ந்தது. பன்னிரண்டும் பார்த்து முடித்தபோது அவள் கை பழையபடி சிவந்து, சுருங்கி, கெட்டியாக இருந்தது.

குழுவில் 'பதின்மூன்றும் நலம்' என்று போட்டாள். டாப்செல் கட்டைவிரல் படம் ஒன்று போட்டார். அதன் பிறகு புதன்தோறும் அப்படித்தான் வருகிறது, யாரும் திருத்தியதில்லை.