மாவைக் கோதுமையாக்கிய ஆலை

நான் சக்கரத்தைத் திருப்பி மாட்டிய மறுநாளிலிருந்து, எங்கள் நீர் ஆலை ஆற்றை எதிர்த்துச் சுழன்றது. மேலே மாவைக் கொட்டினால் கீழே முழுக் கோதுமையாக விழுந்தது. ஆலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் கொசு விரட்டக் கையைத் தூக்கியவனை ஏகமனதாகச் செயலாளராக்கினால் இப்படித்தான் ஆகும். பழுது பார்க்கக் கழற்றிய முப்பத்திரண்டு சக்கரப் பலகைகளுக்கும் நான்தான் எண் போட்டேன், சாக்பீஸால். தண்ணீரில் ஓடும் பொருளுக்குச் சாக்பீஸால் எண் போட்ட அறிவாளி இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். மழை வந்தது, எண்கள் போயின. ஞாபகத்தை நம்பி மாட்டினேன். நியாயப்படி அந்தச் சக்கரம் அசைந்திருக்கவே கூடாது.

இருநூறு வருஷத்தில் அந்த ஆலை மூன்று வெள்ளத்தையும் ஒரு தீவிபத்தையும் ஒரு பாகப்பிரிவினையையும் தாங்கியிருந்தது. என்னைத் தாங்குமா என்பதுதான் கவலை. மாதக் கடைசியில் பொதுப்பணித் துறை அதிகாரி சோதனைக்கு வருவதாக இருந்தார். ஆலை ஓடவில்லை, ஊரார் பயன்படுத்தவில்லை என்று அவர் எழுதிவிட்டால் இடித்துச் சாலையை அகலமாக்கிவிடுவார்கள். மாடி அறையில் குடியிருந்த அரவைக்கார அக்காவுக்கு வேறு வீடும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

முதலில் வந்தவர் ரொட்டிக் கடைக்காரர். வண்டு விழுந்த ஒரு மூட்டை மாவு, அன்று காலை அறுத்ததுபோல் மினுமினுக்கும் கோதுமையாகத் திரும்பியது. வண்டுகள் எங்கே போயின என்று அவர் விசாரிக்கவில்லை. ஒரு வாரத்தில் தெருமுனைவரை வரிசை. பிசைந்த மாவைக் கொண்டுவந்த ஒரு பெண்மணிக்குக் கோதுமையோடு முக்கால் டம்ளர் தண்ணீரும் தனியாக வந்தது. போட்ட உப்பு வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அதிகாரி வருவதற்குள் கழற்றி ஒழுங்காக மாட்டிவிடலாமா என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டேன். தச்சர் பாத்துக்கலாம் என்றார். குழுத் தலைவர் யோசிப்போம் என்றார். அக்காவோ, "நீங்க படிச்சவங்க, நான் என்னத்தைச் சொல்ல?" என்று சிரித்துவிட்டு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.

அதிகாரி வந்தார். நாற்பது பேர் வரிசையில் நின்றதால் அவரும் நின்றார். தண்ணீரில் ஓடுகிறதா, ஊரார் வருகிறார்களா என்று படிவத்தில் இரண்டே கேள்விகள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதில் இல்லை. கீழே விழுந்த கோதுமையில் ஒன்றைக் கடித்துப் பார்த்தார், இரண்டுக்கும் ஆம் என்று எழுதினார், வீட்டில் இரண்டு கிலோ பழைய மாவு கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஆலை பிழைத்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை ஸ்பானரோடு போனேன். அக்கா அரவைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மழுப்பாமச் சொல்லுங்க. சரியா மாட்டிடட்டுமா, வேண்டாமா?"

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம். சரியாச் சுத்தின காலத்துல எட்டு வருஷமா இந்தப் படியை ஒருத்தர் மிதிக்கலை. கடையில பாக்கெட் மாவு விக்குது, எங்கிட்ட யாரு வருவா? இப்ப மூச்சு விட நேரமில்ல. அது இப்படியே சுத்தட்டும். நீங்க மட்டும் இனிமே அதுல கை வைக்காதீங்க."