ஸ்நேகா கல்லாற்றில் நிற்கும் படம்

1

இந்தக் கதை என் தலையில் முளைத்ததல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார் பதிப்பாளர். திருவனந்தபுரம் வலியசாலையில் பத்மஜா என்றொரு பெண் பிலிமில் படம் எடுக்கிறாள், நம்பிப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன். என் முகத்தை எடுத்து முடித்த பிறகு, காபி டம்ளரோடு உட்கார்ந்து அவள் சொன்னதுதான் இது. அவள் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. நம்பியிருந்தால் கேட்டுவிட்டுப் பேசாமல் கரமனையிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

[பத்மஜா பொய் சொல்லத் தெரியாத பெண். — இது எனக்கு எப்படித் தெரியும்? விட்டேன்.]

[குளியலறைக் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பத்மஜா மூச்சை — அப்போது நான் அங்கே இல்லை. இதையும் விட்டேன்.]

ஆகவே எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே தருகிறேன். சந்தேகம் வருகிற இடத்தில் நிறுத்துவேன். நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம்.

2

பத்மஜா கல்யாணப் போட்டோ எடுப்பவள். கணவன் மஹேஷுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. டிஜிட்டல் கேமராவில் ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுவாள். நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஒரு மழையால் போயிற்று.

பொன்முடிச் சாலையில் ஒருநாள், ரோட்டின் ஒரு பாதியில் மழை, மறுபாதியில் வெயில். அதை எடுத்தாள். ஒரு புகைப்படச் சங்கம் அதற்கு முதல் பரிசு கொடுத்தது. கொடுத்த கை ஈரம் காய்வதற்குள், இது எடுத்த படமே இல்லை, கம்ப்யூட்டரிடம் கேட்டு வரவழைத்த படம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கேமராவிலிருந்த அசல் பைலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். “இதையும் இப்போ உண்டாக்கலாமே” என்றார்கள். பரிசு திரும்பிப் போயிற்று.

பிறகு கல்யாண வீடுகளிலும் கேள்வி தொடங்கியது. இந்த வானம் உள்ளதா, போட்டதா? ஒரு பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “எம்பொண்ணு இவ்வளவு சிரிச்சதா எனக்கு ஓர்மையில்லையே” என்றாராம்.

“அன்னிக்குத் தீர்மானிச்சேன். கையில பிடிச்சுக் காட்டறதுக்கு ஒண்ணு வேணும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினா, கேக்கறவா வாயை மூடணும்.”

(என் முதல் சந்தேகம் இங்கே. பிலிமுக்கு மாறியவர்கள் பொதுவாக அதன் அழகைப் பற்றிப் பேசுவார்கள். இவள் வாயை மூடவைப்பதைப் பற்றிப் பேசுகிறாள். வழக்குக்கு வக்கீல் வைப்பதுபோல் பிலிமை வைத்துக்கொண்டவள் இவள்.)

3

பழைய பிலிம் கேமரா ஒன்று வாங்கினாள். கழுவுவதை வீடியோ பார்த்துக் கற்றாள். மாடிக் குளியலறைதான் இருட்டறை. வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, கண்ணால் பார்க்காமலே பிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவுக்குள் மூட வேண்டும். பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். மருந்து குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் திருவனந்தபுரத்தில் மத்தியானம் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். பெரிய அண்டாவில் ஐஸைக் கொட்டி, அதில் மருந்துப் பாட்டில்களை நிறுத்தினாள்.

முதல் ரோல் சுருளிலேயே ஒட்டிக்கொண்டு பாழ். அடுத்ததில் படத்தை வரவழைக்கும் டெவலப்பருக்கு முன்னால், வந்ததை நிலைநிறுத்தும் ஃபிக்சரை ஊற்றிவிட்டாள், பிலிம் முழுக்கக் கண்ணாடிபோல் வெளுத்துவிட்டது. அதற்கடுத்த ரோலில்தான் படம் வந்தது.

“தூக்கிப் பார்த்தேன். ஒரு சின்ன மரம். வானம் கறுப்பு, மரம் வெளுப்பு. பாத்ரூம் தரையில உட்கார்ந்து அழுதுட்டேன்.”

[இங்கே நான் அவளை நம்பினேன். காரணம் கேட்காதீர்கள்.]

தெருவுக்கு இது எதுவும் தெரியாது. பட்டப்பகலில் அடைத்த கதவும், புளித்த வாடையும்தான் தெரியும். பக்கத்து வீட்டுச் சீதாலக்ஷ்மி மாடியைப் பார்த்துக் கேட்டாள்: “பத்மா, மேலே மாங்கா உப்பிலிட்டிருக்கியோ? ஒரு மாதிரி மணம் வரதே!” மஹேஷுக்கே பயம். “என்னத்தைக் காய்ச்சறேள்னு போலீஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

4

சீதாலக்ஷ்மியின் ஒரே மகள் ஸ்நேகா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கிரிஷ் பெங்களூரில் இருந்தான். கல்யாணத்தைப் பத்மஜா பிலிமிலேயே எடுத்துத் தருவதாகப் பேச்சு.

அந்த நாட்களில் பத்மஜா கேமராவோடு பொன்முடிச் சாலையிலுள்ள கல்லாறுக்குப் போனாள். ஆற்றோரத்தில் ஷிபுவின் டீக்கடை. அவன் அப்பாவும் அம்மாவும் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், தமிழர்கள். கடைக்குள் நல்ல இருட்டு. ஒரு பக்கத்து வெளிச்சத்தில் அவன் டீ ஆற்றுவதை எடுத்தாள். மறுநாள் மாலை, தன் வீட்டு வாசற்படியில் நின்று சிரித்த ஸ்நேகாவை எடுத்தாள். ஸ்நேகாவின் பின்னால் நடைவழியின் இருட்டு. இந்த இரண்டு படங்களுக்கும் நடுவே, பிலிமை நகர்த்தும் லீவர் லேசாக வழுக்கியதாம். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கழுவிப் பார்த்தால், ஒரே படத்துக்குள் இருவரும் இருந்தார்கள்.

“பிலிம் நகரல்லை. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துட்டது. இருட்டுன்னா பிலிம்ல காலி இடமாக்கும். அடுத்த படம் அதுல வந்து உட்கார்ந்துடும்.”

படத்தில் ஷிபு டீ ஆற்றுகிறான். அவன் தோளருகே ஸ்நேகா, அவன் சொன்ன எதற்கோ சிரிப்பதுபோல நிற்கிறாள்.

* அந்தப் படத்தை நான் பார்த்தேன். இரண்டு முகங்களிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுகிறது. கேட்டேன். “ரெண்டும் சாயந்திரம் எடுத்ததுதானே” என்றாள். சரியான பதில். சரியான பதில் உடனே வந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்கிறது.

5

அவள் அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வழுதக்காட்டில் ஒரு சின்ன ஹாலில் கண்காட்சி வைத்தபோது அதையும் மாட்டினாள். கீழே ‘கல்லாறு’ என்று மட்டும் எழுதினாள். வாசலில் ஒரு பலகை: ‘இவை கம்ப்யூட்டர் தொடாத படங்கள். நெகடிவ் பொய் சொல்லாது. கேட்டால் காட்டப்படும்.’

ஸ்நேகாவிடம் அனுமதி கேட்டாளா? முதல் சந்திப்பில் இதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. என் படங்களை வாங்க இரண்டாம் முறை போனபோது தானாகச் சொன்னாள். மாட்டுவதற்கு முன் ஸ்நேகாவிடம் காட்டினாளாம். ஸ்நேகா வெகுநேரம் அதையே பார்த்தாளாம். “இதைத்தான் முதல்ல மாட்டணும், பத்மாக்கா” என்றாளாம்.

முதல் நாள் வராத செய்தி இரண்டாம் நாள் எப்படி வந்தது? [மனிதர்கள் மறப்பார்கள். சரி. ஆனாலும் —]

கிரிஷின் அப்பா பட்டாபி, நாகர்கோவிலில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போகிறவளின் வேலை எப்படி என்று பார்க்கக் கண்காட்சிக்கு வந்தார். பார்த்தார். நேரே வலியசாலைக்கு ஆட்டோ பிடித்தார்.

6

சீதாலக்ஷ்மி வீட்டுக் கூடம். பத்மஜாவை வரச் சொன்னார்கள். நெகடிவை எடுத்துக்கொண்டு போனாள்.

“மாமா, இது ரெண்டு போட்டோவாக்கும். அந்தப் பையனை எடுத்தது ஒரு நாள், ஸ்நேகாவை எடுத்தது மறுநாள், இந்த வாசப்படியில.”

“கம்ப்யூட்டர் தொடல்லைன்னு எழுதி மாட்டினது நீங்கதானே?” என்றார் பட்டாபி.

“தொடல்லை. கேமராவோட பிசகு.”

“நெகடிவ் பொய் சொல்லாதுன்னும் எழுதியிருந்தேளே?”

பத்மஜா கையிலிருந்த நெகடிவைப் பார்த்தாள். இத்தனை நாள் எந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ, அதைத் தன் வாயாலேயே கீழே போட வேண்டும். அந்த ஹாலில் படம் பார்த்த அத்தனை பேருக்கும் நாளைக்கு இது தெரிந்துவிடும்.

“நெகடிவும் பொய் சொல்லும், மாமா. இது பொய்தான் சொல்றது,” என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து ஸ்நேகா வந்தாள். “படம் சரியாக்கும். நான் அங்கே போயிருந்தேன்.”

சீதாலக்ஷ்மி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எப்போடி? என்னிக்குடி போனே?”



பத்மஜா நெகடிவை ஜன்னலுக்கு நேரே பிடித்து, இதோ கதவின் விளிம்பு, இதோ இந்தப் படி என்று காட்டப் பார்த்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “கொழந்தையைக் காப்பாத்தணும்னு நீங்க சொல்றது எனக்கு மனசிலாறது. வேண்டாம், விடுங்கோ,” என்றார் பட்டாபி, மரியாதையாகவே. எழுந்து போனார். கல்யாணம் நின்றது.

7

பத்மஜாவுக்கு ஷிபுவை நினைத்துப் பயம். ஸ்நேகாவின் மாமன்மார்கள் யாராவது ஆள் கூட்டிக்கொண்டு கிளம்பினால்? மறுநாள் காலையிலேயே மஹேஷோடு காரில் கல்லாறுக்குப் போனாள். படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

ஷிபு கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். “இந்தப் புள்ளைய நான் கண்டதே இல்ல சேச்சி. சத்தியமா. டீ குடிக்க எத்தனையோ பேரு வராங்க, அதுல வந்திருந்தா எனக்கு எப்பிடி ஓர்மையிருக்கும்?”

“ரெண்டு நாளைக்குக் கடையைச் சாத்திட்டு எங்கேயாவது போயேன்.”

“நான் ஒண்ணும் பண்ணல்ல. நான் எதுக்கு சேச்சி ஓடணும்?” என்றவன், அவர்கள் காரில் ஏறும்போது கேட்டான்: “அவங்களுக்கு வீட்ல அடி ஏதும் விழல்லயே?”

[இந்தக் கடைசி வரியை நான் எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத பெண்ணுக்காகவும் ஒருவன் இப்படிக் கேட்கலாம். நல்லவன் என்றால் கேட்பான். ஆனால் பத்மஜா இதைச் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஹேஷ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் காதில் அந்த வரி விழவில்லையா, அல்லது அப்படி ஒரு வரியே இல்லையா?]

யாரும் கல்லாறுக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் குடும்பத்துக்குத்தான் கேவலம் என்று மாமன்மார்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

8

சில நாள் கழித்து ஸ்நேகா பத்மஜாவின் மாடிக்கு வந்தாள். கொச்சியில் வேலை கிடைத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி பொய் சொன்னே?” என்று கேட்டாள் பத்மஜா.

“உங்களை யாரு சாட்சி சொல்லச் சொன்னா? இந்தக் கல்யாணம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் வாயிலேர்ந்து வந்ததை ஒருத்தரும் நம்பல்லை. உங்க போட்டோவை ஒரு நிமிஷத்துல நம்பிட்டா.”

அவ்வளவுதான். போய்விட்டாள். சீதாலக்ஷ்மி பத்மஜாவோடு இன்றுவரை பேசுவதில்லை.

பத்மஜாவுக்கு இப்போது வேலை குவிகிறது. அவள் நெகடிவ் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியது என்ற பேச்சு எப்படியோ பரவியதுதான் காரணம். அவள் எடுத்தால் உள்ளது உள்ளபடி இருக்கும் என்கிறார்கள். “நிஜத்தைச் சொன்ன அன்னிக்கு ஒருத்தரும் நம்பல்லை சார். இப்போ எல்லாரும் நம்பறா. ஒவ்வொரு அட்வான்ஸ் வாங்கறச்சேயும் கை கூசறது.”

இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நல்ல முடிவுதான்.

[வேறொரு முடிவு: கொச்சியில் ஒரு டீக்கடை. கல்லாப்பெட்டியருகே ஸ்நேகா, உள்ளே டீ ஆற்றுவது — மலிவு. அடித்தேன்.]

[இன்னொன்று: லீவர் வழுக்கவேயில்லை. பத்மஜா அந்தப் பெண்ணை உண்மையிலேயே கல்லாற்றில் கண்டு எடுத்தாள். பிறகு அவளைக் காப்பாற்றத் தன் பெயரைப் பலிகொடுக்கத் துணிந்தாள். — இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே இதை நம்ப முடியவில்லை.]

9

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பத்மஜாவிடம் படிக்கக் கொடுத்தேன். தன்னைப் பற்றி எழுதியிருப்பதற்கெல்லாம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. படித்து முடித்துவிட்டு, “ஸ்நேகாகிட்ட கேட்டேளா?” என்றாள்.

“இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களே?”

“ஏண்டி பொய் சொன்னேன்னுதான் அவகிட்ட கேட்டேன். கல்லாறுக்குப் போனியான்னு கேக்கல்லை.” நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

நான் அழைத்தேன். ஸ்நேகா எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல். யார் என்று சொன்னேன், என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. தைரியம் வந்து, “நீங்க உண்மையிலேயே கல்லாறுக்குப் போனீங்களாம்மா?” என்று கேட்டேன்.



“கதைக்காகக் கேக்கறேளா, எனக்காகக் கேக்கறேளா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். “கதைக்காகத்தான்” என்றேன்.

“அப்போ உங்களுக்குத் தோணினதை எழுதிக்கோங்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தோன்றியவற்றையெல்லாம் மேலே எழுதியாயிற்று. ஒன்றையும் நான் நம்பவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. அதற்கு முன் அவள் கேட்டதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.